லைப்ரரிக்கு என்ன பெயர் வைப்பது?

கோவையில் சரவணம்பட்டியிலும் விளாங்குறிச்சி டைடல் பார்க்கிலும் ஜாவா எழுதிப் பிழைக்கிறவர்கள் ஏராளம். திருப்பூர் பனியன் கம்பெனிக்கு பில்லிங், ஈரோட்டு மஞ்சள் மண்டிக்கு ஸ்டாக் கணக்கு என்று தனித்தனியாகத் தொடங்கும் வேலை, ஒரு கட்டத்தில் எல்லோருக்கும் பொதுவான லைப்ரரியாகத் திரள்கிறது. அதற்குப் பெயர் வைக்க யாரும் அதிக நேரம் செலவிடுவதில்லை. செலவிட வேண்டும். உள்ளே இருக்கும் நிரலை எப்போது வேண்டுமானாலும் திருத்தி எழுதலாம். பிறர் தங்கள் நிரலில் இம்போர்ட் செய்துவிட்ட பெயரை மாற்றுவது லேசுப்பட்ட காரியமல்ல.

தமிழ்நாடே அறிந்த ஸோஹோவைப் பாருங்கள். 1996-ல் அட்வென்ட்நெட்டாகத் தொடங்கிய நிறுவனம், 2009-ல் ஸோஹோ ஆனது. போர்டு மாறியது, லோகோ மாறியது. ஆனால் நெட்வொர்க் மேலாண்மைக்காக எழுதிய எஸ்என்எம்பி லைப்ரரியின் பேக்கேஜ்கள் ‘காம்.அட்வென்ட்நெட்’ என்றே நீடித்தன. ஸோஹோவின் மேனேஜ்எஞ்சின் மென்பொருள்களின் லாக் ஃபைல்களிலும் அந்தப் பழைய பெயர் தலைகாட்டும். மாற்றினால் வாடிக்கையாளர்களின் நிரல்கள் உடையும். விட்டுவைத்ததுதான் பொறுப்பான முடிவு.

மாற்றியே தீர வேண்டிய நிலை வந்தால் என்ன பாடு என்பதை, பெருநிறுவன மென்பொருள்களுக்கான ஜாவா இஇ காட்டியது. 2017-ல் ஆரக்கிள் அதை எக்ளிப்ஸ் ஃபவுண்டேஷனிடம் ஒப்படைக்க முன்வந்தது. வணிகச் சின்ன உரிமை இடித்ததால் ‘ஜாவாஎக்ஸ்’ என்ற முன்னொட்டைத் தொடர்ந்து வளர்க்க முடியவில்லை. ஜகார்த்தா இஇ என்று பெயர் மாறிய அதன் 9-ம் பதிப்பு 2020-ல் வந்தபோது, முன்னொட்டும் ‘ஜகார்த்தா’ ஆனது. 2022-ல் ஸ்பிரிங் பூட் 3-ம் அதே வழிக்கு மாற, ஒற்றைச் சொல்லுக்காக உலகமெங்கும் புரோகிராமர்கள் இம்போர்ட் வரிகளைத் திருத்தினார்கள்.

2017 செப்டம்பரில் ஜாவா 9 கொண்டுவந்த மாட்யூல் முறை, பெயரின் பொறுப்பை இன்னும் கூட்டியது. பெயர் சொல்லாத ஜார் ஃபைலை மாட்யூலாகப் பயன்படுத்தினால், ஃபைலின் பெயரிலிருந்தே ஜாவா ஒரு பெயரை எடுத்துக்கொள்ளும். ‘பில்-கணக்கு-1.2’ என்ற ஃபைல் ‘பில்.கணக்கு’ ஆகும். யாராவது ஃபைல் பெயரை மாற்றினால் மாட்யூல் பெயரும் மாறும். அதை நம்பியிருந்த நிரல் நிற்கும்.

பாதுகாப்பான வழி ஒன்று இருக்கிறது: தன் டொமைனைத் திருப்பிப் போட்டு பேக்கேஜுக்குப் பெயர் வைப்பது, தலைமைப் பேக்கேஜின் பெயரையே மாட்யூலுக்கும் வைப்பது. கூகுளின் குவாவா லைப்ரரி அப்படித்தான். ஃபைல் பெயர் குவாவா, மாட்யூல் பெயர் ‘காம்.கூகுள்.காமன்’. பெயரின் கடைசியில் வெர்ஷன் எண்ணை ஒட்டுவது வேண்டாம். ஜாவா கம்பைலரில் அதற்கென்றே எச்சரிக்கை உண்டு.

நம் ஊர்க்காரர்களுக்குத் தனியாக ஒரு சிக்கல். ‘டாட் இன்’ டொமைனைத் திருப்பினால் பெயர் ‘இன்’ என்று தொடங்கும். ஜாவா அதை ஏற்கும். ஆனால் ஆண்ட்ராய்டில் அதிகம் புழங்கும் கோட்லின் மொழியில் ‘இன்’ ஒதுக்கப்பட்ட சொல். அங்கே ஒவ்வொரு இம்போர்ட்டிலும் பேக்டிக் குறிக்குள் அடைக்க வேண்டும். ஆண்ட்ராய்டுக்கும் போகப்போகிற லைப்ரரி என்றால், ‘காம்’ டொமைன் கையில் இருக்கும்போது அதையே எடுப்பது நல்லது.

ஏற்கெனவே வெளியே போய்விட்ட லைப்ரரியாக இருந்தாலும் முழுதாக மாட்யூலாக்கும் வரை காத்திருக்கத் தேவையில்லை. ஜாரின் மேனிஃபெஸ்ட் ஃபைலில் ‘ஆட்டோமேட்டிக்-மாட்யூல்-நேம்’ என்ற ஒரு வரி சேர்த்தால், அதில் எழுதிய பெயரையே ஜாவா எடுத்துக்கொள்ளும். அடுத்த ரிலீஸிலேயே சேர்த்துவிடலாம்.