ஜல்லிக் கல்லுக்கு ஒரு மழைக்கோட்டு!



மழை விட்ட மறுநாள் பள்ளிக்குப் போகும்போது சாலையைக் கவனித்திருக்கிறீர்களா? முந்தின வாரம் வழுவழுவென்று இருந்த இடத்தில் ஒரு பள்ளம் இருக்கும். அதைச் சுற்றி ஜல்லிக் கற்கள் தனித்தனியாகச் சிதறிக் கிடக்கும். உற்றுப் பாருங்கள், பல கற்களில் தார் உரிந்து கல் வெறுமையாகத் தெரியும்.

இதற்குக் காரணம் வேதியியல். கல்லின் மேல் தண்ணீர் நன்றாகப் படியும்; தார் தண்ணீரோடு சேரவே சேராது. சிறு சந்து கிடைத்தாலும் தண்ணீர் கல்லுக்கும் தாருக்கும் நடுவே புகுந்து ஒட்டைப் பிரித்துவிடும். அப்புறம் நாலு லாரி ஏறினால் போதும், கல் பெயர்ந்துவிடும். நாம் தார் என்று சொல்வது உண்மையில் பெட்ரோலியத்தைக் காய்ச்சி வடித்த பின் மிஞ்சும் பிட்டுமன். ஊர் வழக்கப்படி தார் என்றே சொல்லிக்கொள்வோம்.

மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரியின் வேதியியல் பேராசிரியர் ராஜகோபாலன் வாசுதேவன் இதற்கு ஒரு வழி கண்டார். பிளாஸ்டிக்கைத் தாரில் கலந்து பார்த்தவர்கள் ஏற்கெனவே உண்டு. ஆனால் கொஞ்சம் அதிகமானாலும் அது தாரோடு சேராமல் பிரிந்து நிற்கும். வாசுதேவன் வரிசையை மாற்றினார். முதலில் ஜல்லியைச் சுமார் 165 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்க வேண்டும். பொடிப்பொடியாக நறுக்கிய பாலிதீன் துண்டுகளை அதன்மேல் தூவ வேண்டும். அவை எரிவதில்லை. இளகி, கல்லைச் சுற்றி மெல்லிய சட்டைபோல ஒட்டிக்கொள்ளும். அதன் பிறகுதான் தார். பிளாஸ்டிக்கும் பெட்ரோலியத்திலிருந்து வந்ததுதானே! சொந்தக்காரர்கள் இருவரும் இறுகப் பிடித்துக்கொள்கிறார்கள். தண்ணீர் நுழைய இடமில்லை. தாரும் கொஞ்சம் மிச்சமாகிறது.

2002-ல் கல்லூரி வளாகத்திலேயே இப்படி ஒரு சாலை போட்டுப் பார்த்தார்கள். 2006-ல் காப்புரிமை கிடைத்தது. இந்தியச் சாலைக் காங்கிரஸ் இதற்கான விதிமுறையை 2013-ல் வெளியிட்டது. மத்திய அரசு 2015-ல் சாலைகளில் கழிவுப் பிளாஸ்டிக்கைப் பயன்படுத்தச் சொன்னது. 2018-ல் வாசுதேவனுக்குப் பத்மஸ்ரீ விருது. ஆய்வகத்துக்கும் நெடுஞ்சாலைக்கும் நடுவே எத்தனை வருடம், பார்த்தீர்களா?

இதைக் கேட்டதும் சில பெரியவர்கள், "அப்படியானால் எவ்வளவு கவர் வேண்டுமானாலும் வாங்கலாம், ரோடு போட்டுவிடலாம்" என்கிறார்கள். எனக்கு இதில் உடன்பாடு இல்லை. 100 கிலோ தார் போகும் இடத்தில் ஏறக்குறைய 8 கிலோ பிளாஸ்டிக்தான் சேர்க்க முடியும். சாலை தேயும்போது அந்தப் பிளாஸ்டிக்கும் தேய்ந்து மண்ணுக்குப் போகாதா என்ற கேள்வியும் இருக்கிறது. தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் பிளாஸ்டிக் பொருட்களுக்குத் தடை வந்தது சரியே. கடைக்குத் துணிப்பை கொண்டு போவதை எந்த ரோடும் மாற்ற முடியாது.

இன்னொரு விஷயம்தான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. சாம்பார் ஒட்டிய கவரும், ஈரக் கவரும், மண்ணில் புரண்ட கவரும் சூடான ஜல்லிக்கு உதவாது. பி.வி.சி. கலந்துவிட்டாலோ ஆபத்து. பழைய பைப் துண்டு, ஒயர் உறை இவையெல்லாம் அந்த வகை. சூடானால் ஹைட்ரஜன் குளோரைடு என்ற அமில வாயு கிளம்பும். வேலை செய்பவர்களுக்குக் கண்ணும் மூச்சும் எரியும். ஆகவே பேராசிரியரின் கண்டுபிடிப்பு ஓடுவதும் நிற்பதும் உங்கள் வீட்டுக் குப்பைக் கூடையைப் பொறுத்தது. காய்கறித் தோல் ஒரு கூடையில், கழுவி உலர்த்திய கவர் இன்னொரு பையில் என்று பிரித்து வையுங்கள். பள்ளியிலும் வகுப்புக்கு ஒரு சாக்கு கட்டி வைக்கலாம்.

நீங்கள் பிரித்துக் கொடுத்ததை வண்டியில் ஒன்றாகக் கொட்டினால்? சும்மா இருக்காதீர்கள். குப்பை எடுக்க வருபவர்மேல் கோபப்பட வேண்டாம். வண்டியில் தடுப்பு வைத்துக் கொடுக்க வேண்டியது நிர்வாகம். வகுப்பாகச் சேர்ந்து நகராட்சி ஆணையருக்கோ ஊராட்சித் தலைவருக்கோ ஒரு கடிதம் எழுதுங்கள். அஞ்சலட்டை போதும். "நாங்கள் பிரித்துத் தருகிறோம், நீங்கள் ஏன் சேர்க்கிறீர்கள்?" என்று கேட்க வயது தடையில்லை.

நாளைக் காலையிலேயே ஒன்று செய்யலாம். பால் கவரைக் கத்தரிக்கும்போது மூலையைத் துண்டாக வெட்டி எடுத்துவிடாதீர்கள், கவரோடு ஒட்டியே இருக்கட்டும். நகத்தளவு துணுக்கைக் குப்பையிலிருந்து யாராலும் பொறுக்கி எடுக்க முடியாது.