முப்பதா, ஐம்பதா?

கத்திரி வெயில் வந்தாலே எங்கள் வீட்டில் பட்ஜெட் கூட்டத்தொடர் ஆரம்பித்துவிடும். போன வருஷம் வரை தர்பூசணி, மண்பானை, இரண்டு பாட்டில் நன்னாரி, அவ்வளவுதான். இந்த வருஷம் சன்ஸ்க்ரீனும் சேர்ந்துகொண்டது.

கடைக்குப் போனேன். "எஸ்.பி.எஃப். முப்பதா சார், ஐம்பதா?" என்றார் கவுண்ட்டரில் இருந்த பெண். மார்க் என்றால் அதிகம் வாங்குவதுதானே நல்லது? "ஐம்பதே கொடுங்க" என்றேன் கம்பீரமாக.

அப்புறம்தான் விசாரித்தேன். சருமத்தைச் சுடுகிற யு.வி.பி. கதிர்களில் முப்பது சுமார் 97 சதவீதத்தைத் தடுக்கும். ஐம்பது? 98! அந்த ஒன்றுக்காகப் பர்ஸைக் காலி பண்ண வேண்டியதில்லை. யு.வி.ஏ. என்று ஒரு பங்காளி இருக்கிறான். ஜன்னல் கண்ணாடியைத் தாண்டி வந்து, ஆபீஸ் சீட்டிலேயே ஆளைக் கருக்குவான். அவனுக்காக டியூபில் 'பி.ஏ.' என்று போட்டு, பக்கத்தில் ப்ளஸ் குறிகள் இருக்கும். நம்ம பட்டம் இல்லை சார், ஜப்பான்காரர்கள் 1996-ல் கொண்டுவந்த அளவு. ப்ளஸ் மூன்றாவது இருக்கட்டும்.

வில்லங்கமே அளவில்தான். முகத்துக்கும் கழுத்துக்கும் மட்டும் இரண்டு விரல் நீளத்துக்குப் பிதுக்கணும். உடம்பு பூராவும் என்றால் ஒரு தடவைக்குச் சுமார் 30 மில்லி. வெளியில் இருந்தால் இரண்டு மணிக்கொரு தரம் மறுபடியும். வீட்டில் ஐந்து பேர், கையில் 50 மில்லி டியூப். கால்குலேட்டருக்கே வியர்த்துவிட்டது!

பேசாமல் ஊட்டிக்கு மாற்றல் வாங்கிடலாமா? அதுவும் நடக்காது. உயரம் ஏற ஏற யு.வி. ஜாஸ்தியாம்.

"நம்ம கலருக்கு இதெல்லாம் எதுக்குடா?" என்றார் அப்பா. நம் நிறம் ஓரளவுதான் காக்கும். மங்கு விழுவது நமக்கும் உண்டு.

ஆகவே ஃபார்முலாவை மாற்றினேன். முதலில் துணி, மிச்சத்துக்குத்தான் க்ரீம். பைக்கில் போகிற எனக்கு முழுக்கைச் சட்டை. பஸ்ஸில் ஜன்னல் சீட் பிடிக்கும் மனைவிக்கு ப்ளஸ் போட்ட டியூப். கிரிக்கெட் ஆடும் பையனுக்கு ஜிங்க் ஆக்ஸைடு வகை. அப்பாவின் வழுக்கைக்குத் தொப்பி, கண்ணுக்கு 'யு.வி. 400' கண்ணாடி. லீவுக்கு வந்திருக்கும் தங்கையின் நாலு மாதக் குழந்தைக்கு நிழலும் பருத்தித் துணியும் மட்டும். ஆறு மாதத்துக்கு முன்னால் க்ரீம் கூடாது.

கணக்கை முடித்து நிமிர்ந்தால், மொட்டை மாடியிலிருந்து அம்மா குரல்: "டேய், அந்தக் கறுப்புக் குடையை எடுத்துட்டு வா!"

ஓடினேன். மணி பன்னிரண்டு. தலையில் ஈரத்துண்டோடு கூழ் வடாத்துக்குக் காவல் இருந்தாள். காலை ஒன்பதிலிருந்து அங்கேதான். குடையை விரித்து அவள் தலைக்கு மேல் பிடித்தேன்.

"எனக்கு எதுக்குடா? வடாத்துக்கு வை. காக்கா வராது."

வீட்டிலேயே அதிக வெயில் சாப்பிடுகிற ஆள், என் லிஸ்ட்டிலேயே இல்லை!

மறுநாளிலிருந்து வடாம் பிழிவது விடியற்காலையில். பத்து மணியிலிருந்து நாலு மணி வரை அம்மாவுக்கு மாடி ஏறத் தடை. ஞாயிற்றுக்கிழமைக் காவல் நான், முழுக்கைச் சட்டையோடு. காக்கா இதுவரை ஏழு வடாம் கொண்டுபோயிருக்கிறது.

போகட்டும்.