உனக்கு என்ன குறை?

பாலாவிச் சந்தியைச் சுற்றியும் கற்பிட்டி வீதி நெடுகிலும் இருக்கிற குடியிருப்புகளில் பல, 1990க்குப் பிறகு முளைத்தவை. அந்த வருட ஒக்டோபரில் வடக்கிலிருந்து விடுதலைப் புலிகளால் விரட்டப்பட்ட முஸ்லிம்களில் பெரும்பாலானோர் புத்தளம் மாவட்டத்தில்தான் வந்து ஒதுங்கினார்கள். அன்று ஓலைக் கொட்டிலில் வளர்ந்த சிறுவர்களின் பிள்ளைகள் இன்று ஒலுவிலுக்கும் வந்தாறுமூலைக்கும் யாழ்ப்பாணத்துக்கும் பல்கலைக்கழகம் போகிறார்கள். ஊருக்கே பெருமை. அந்தப் பிள்ளைகளில் சிலர் லீவுக்கு வந்தால் அறையை விட்டு வெளியே வருவதில்லை. அவர்களைப் பற்றித்தான் எழுத வேண்டியிருக்கிறது.

கேட்டால் தலையிடி என்பார்கள். நெஞ்சு படபடக்குது, சோறு இறங்குதில்ல, ராவெல்லாம் தூக்கம் வருதில்ல என்பார்கள். உம்மா கண் டொக்டரிடம் கூட்டிப்போவார், கேஸ்ட்ரிக் குளிசை வாங்கிக் கொடுப்பார், தண்ணீர் ஓதி வாங்கி வருவார். இரத்தப் பரிசோதனையில் ஒன்றுமில்லை என்று வந்ததும் வீட்டுக்கு நிம்மதி. பிள்ளைக்கோ இருந்த ஒரே காரணமும் கைவிட்டுப் போகிறது. அதற்குப் பிறகுதான் அந்தக் கேள்வி வரும்:

“நாங்க உடுத்த உடுப்போட வந்தவங்க மகன். தரப்பாளுக்குக் கீழ கிடந்தோம். நீ ஃபேன் போட்டுப் படுக்கிறாய். உனக்கு என்ன குறை?”

இதைப் பல வீடுகளில் கேட்டிருக்கிறேன். கல்நெஞ்சில் பிறந்த கேள்வி என்று சொல்ல மாட்டேன். யாழ்ப்பாண முஸ்லிம்களுக்கு ஊரைவிட்டுப் போகக் கிடைத்த அவகாசம் இரண்டு மணித்தியாலம். அதைத் தாண்டி வந்த ஒருவருக்கு, அசைன்மெண்டையும் சோதனையையும் நினைத்து ஒரு பிள்ளை நொறுங்கிப் போவது உண்மையாகவே விளங்குவதில்லை. ஆனால் அந்தக் கேள்வியோடு பிள்ளையின் வாய் அடைத்துவிடுகிறது. பெற்றோர் பட்ட துன்பத்துக்கு முன்னால் தன் துன்பத்தை எடுத்து வைக்க எந்தப் பிள்ளைக்குத் துணிவு வரும்?

சரி, அந்தப் பெற்றோர் தலைமுறை எல்லாவற்றையும் தாங்கிக்கொண்டதா? 2013இல் செஸ்மல் சிறிவர்தன என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். புத்தளம் மாவட்டத்துக்கு இடம்பெயர்ந்து வந்த 450 முஸ்லிம்களிடம் நடத்திய ஆய்வு அது. அவர்களில் 18.8 வீதமானோருக்கு ஏதோ ஒரு பொதுவான உளநோய் இருந்தது. கிட்டத்தட்ட ஐந்து பேரில் ஒருவர். போரின் வடு என்று நாம் எதிர்பார்க்கும் நெருக்கீட்டு நோய் (PTSD) 2.4 வீதம்தான். எல்லாவற்றையும்விட அதிகமாக, 14 வீதமானோரிடம் காணப்பட்டது வேறொன்று: மனதின் பாரம் உடம்பில் நோவாக வெளிப்படும் நோய். தலையிடி, முதுகு நோவு, நெஞ்சுப் படபடப்பு. வெளியேற்றம் நடந்து இரண்டு தசாப்தங்களுக்குப் பிறகும் அந்த நிலை.

இந்தக் கணக்கை எங்கள் வீடுகளில் வைத்துப் பார்க்கிறேன். உம்மாவின் முதுகு நோவுக்கு எல்லோரும் இரங்குவார்கள். உம்மாவின் துயரத்தைப் பற்றி யாரும் கதைப்பதில்லை, உம்மாவும்தான். உடம்பு முறையிடலாம், மனம் முறையிடக் கூடாது என்பதை யாரும் சொல்லிக்கொடுக்காமலே பிள்ளை பழகிக்கொள்கிறது. ஒலுவில் பஸ்ஸில் ஏறும்போது அந்தப் பழக்கமும் கூடவே போகிறது.

போகிற இடத்திலும் அதுதான். கொழும்புப் பல்கலைக்கழக மாணவர்கள் நாலாயிரத்துக்கும் மேற்பட்டோரிடம் சந்துஷி அமரசூரியவும் சக ஆய்வாளர்களும் நடத்திய ஆய்வு 2015இல் வெளியானது. மனச்சோர்வுக்கு ஆளான ஒரு மாணவரின் நிலையை எழுதிக் கொடுத்து, இவருக்கு என்ன என்று கேட்டார்கள். மனச்சோர்வு என்று அடையாளம் கண்டவர்கள் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. ஆய்வாளர்கள் அளந்து பார்த்த களங்க எண்ணங்கள் இரண்டு வகை. இது நோயே இல்லை, ஆள்தான் பலவீனம் என்பது ஒன்று. இவர் ஆபத்தானவர், விலகியிருப்பதே நல்லது என்பது மற்றது. இரண்டையும் ஒன்றாக வைத்துப் பார்த்தால் அந்தப் பிள்ளை அகப்பட்டிருக்கும் இடம் தெரியும். நோய் என்று தெரியாத வரைக்கும் அவன் சோம்பேறி. தெரிந்துவிட்டால் பக்கத்துக் கட்டிலில் படுக்கவும் ஆள் தயங்கும். பெண் பிள்ளையென்றால் இன்னும் கஷ்டம், கிளினிக்கில் யாராவது கண்டுவிட்டால் கலியாணப் பேச்சு வரை அது வந்து நிற்கும்.

பகிடிவதையை 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் குற்றமாக்கியது. ஆனாலும் தாங்கிக்கொள்கிறவன்தான் ஆள் என்ற நினைப்பு விடுதிகளில் சாகவில்லை. வீட்டில் கேட்ட அதே கேள்வியை அங்கே சீனியர் கேட்கிறான்.

ஓதிப் பார்ப்பதை நான் குறை சொல்லமாட்டேன். தலையில் கை வைத்து ஒருவர் தனக்காக துஆ கேட்பது தளர்ந்துபோன பிள்ளைக்குப் பெரிய ஆறுதல். அத்தோடு நிறுத்திக்கொள்வதைத்தான் நான் எதிர்க்கிறேன். ஒன்பதாம் நூற்றாண்டில் பிறந்த அறிஞர் அபூ ஸைத் அல் பல்கி, உடம்பு நோயுறுவதுபோல உள்ளமும் நோயுறும் என்று சொல்லி இரண்டின் சுகத்தையும் ஒரே நூலில் வைத்து எழுதினார். சுல்தான் கலாவூன் 1284இல் கெய்ரோவில் கட்டிய வைத்தியசாலையில் மனநோயாளருக்கென்று தனிப் பகுதி இருந்தது. எங்கள் ஜும்ஆ மிம்பர்களில் இவையும் பேசப்பட வேண்டும். மனநல வைத்தியசாலை இருக்கிற அங்கொடை என்ற ஊரின் பெயரை ஏச்சாகப் பாவிக்கும் வாய்கள் கொஞ்சம் அடங்கும்.

பிள்ளைகள் முதலில் மனம் திறப்பது கூட்டாளியிடம். ஆகவே முதல் வருடத்திலேயே கூட்டாளிகளைப் பழக்க வேண்டும்: குறுக்கே பேசாமல் கேட்க, புத்திமதி சொல்லாமலிருக்க, உளவளத்துணையாளரிடம் கூடவே நடந்து போக. அவுஸ்திரேலியாவில் 2000ஆம் ஆண்டு பெட்டி கிச்சனரும் அந்தோனி ஜோர்மும் தொடங்கிய உளநல முதலுதவிப் பயிற்சி இதைத்தான் கற்பிக்கிறது. கொழும்பு ஆய்வை நடத்தியவர்களில் ஜோர்மும் ஒருவர். அப்படிக் கூட்டிப்போகும்போது அங்கே இருக்கிறவர் தமிழ் விளங்கியவராகவும் இருக்க வேண்டும். அழும்போது யாரும் இரண்டாம் மொழியில் அழுவதில்லை.

பெற்றோருக்கு ஒன்று சொல்ல வேண்டும். பிடித்த எதிலும் நாட்டமில்லாமல், தூக்கமும் சாப்பாடும் குழம்பி இரண்டு கிழமை கடந்தால் டொக்டரிடம் மனதைப் பற்றியே சொல்லுங்கள். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கத்துக்கு இரவு பகல் எந்நேரமும் அழைக்கலாம். செத்தால் நல்லம் என்று பிள்ளை ஒரு தடவை சொன்னாலும் அன்றைக்கே கூட்டிப்போங்கள். பொலிஸ், கேஸ் என்று பயந்து விஷயத்தை மறைத்த குடும்பங்கள் உண்டு. தற்கொலைக்கு முயல்வது 1998இலிருந்து இலங்கையில் குற்றமில்லை. வைத்தியசாலையில் உண்மையைச் சொல்லலாம்.