'எங்கட ஊரில ஏறுறதுக்கு ஒண்டும் இல்லை'

மார்கழி கடைசிக் கிழமை வந்தால் போதும், போனைத் திறக்கேலாது. எல்லாரும் கணக்கு முடிக்கிறார்கள். இந்த வருடம் என்ன படித்தேன், எத்தனை கிலோ குறைத்தேன், எந்த நாட்டுக்குப் போனேன் என்று ஆளுக்கொரு சாதனைப் பட்டியல்.

அதில் ஒன்று எங்களைக் கொஞ்சம் நிறுத்தியது. எங்களில் ஒருவரின் மச்சான் ரொறொன்ரோவில் இருக்கிறார். வேலை முடிந்து பாறையேறப் பழகுகிறார். குளிர்காலத்தில் மண்டபத்துக்குள் கட்டிய செயற்கைச் சுவர், கோடையில் உண்மையான பாறை. அவரும் அவருடைய கூட்டாளிகளும் வருடக் கடைசியில் ஒரு கணக்கு எழுதியிருந்தார்கள். எந்தப் பாதை, எத்தனை தரம் விழுந்தது, எதைக் கைவிட்டது, கீழே நின்று கயிற்றைப் பிடித்தது யார். எல்லாம் இருந்தது. வாசித்துவிட்டு நல்லாயிருக்கு எண்டு போட்டோம். அவர் கேட்டார்: "உங்க ஊர்ப்பக்கம் ஆரும் ஏறுறவையோ?"

நாங்கள் எழுதின பதில்: "எங்கட ஊரில ஏறுறதுக்கு ஒண்டும் இல்லை மச்சான்."

இந்தக் கட்டுரை அந்த ஒரு வரிப் பதிலுக்கு எதிரானது. அதை எழுதினது நாங்கள்தான். ஆனபடியால் இது எங்களுக்கும் எதிரானது.

பாறை இல்லை என்பது உண்மை. யாழ்ப்பாணக் குடாநாடு முழுக்கச் சுண்ணாம்புக்கல். ஆனால் அது காலுக்குக் கீழே கிடக்கிறது. வல்வெட்டித்துறையில் நின்று பார்த்தால் வடக்கே கடல், மற்றத் திக்கெல்லாம் சமதரை. ஆனால் அந்தச் சமதரையில் என்ன நிற்கிறது? பனை. அதில் யார் ஏறுகிறார்கள்? அந்தக் கேள்வி எங்களுக்கு வரவே இல்லை. வராமல் போனதைத் தற்செயல் என்று சொல்லித் தப்ப முடியாது.

முதலில் மலையேறிகளிடம் உள்ள நல்லதைச் சொல்லிவிடுவோம். அவர்களை நையாண்டி பண்ண இதை எழுதவில்லை. பாறையேறிகளின் கணக்கில் ஒரு நேர்மை இருக்கிறது. ஒரு பாதையை முதல்தரம் பார்த்த உடனேயே விழாமல் ஏறுவதற்கு ஒரு பெயர், பல தரம் விழுந்து பழகி ஏறுவதற்கு வேறொரு பெயர். இரண்டையும் ஒன்றாக்கிப் பீற்றிக்கொள்ள விடமாட்டார்கள். தோல்வியையும் எழுதுவார்கள். இலங்கையிலேயே உதாரணம் இருக்கிறது. 2016 மே மாதம் ஜயந்தி குரு உத்தும்பால எவரெஸ்ட் உச்சியை அடைந்தார். இலங்கையர்களில் அவர்தான் முதல் ஆள். அவரோடு போன ஜொஹான் பீரிஸ் உச்சிக்கு ஏறத்தாழ 400 மீற்றர் இருக்கும்போது திரும்பி இறங்கினார். அதை மறைக்கவில்லை. இரண்டு வருடம் கழித்து, 2018 மே மாதம், திரும்பப் போய் ஏறினார். திரும்பி இறங்கத் தெரிந்ததையும் கணக்கில் சேர்க்கிற பழக்கம் எங்கள் பக்கத்தில் இல்லை. மூன்று ஏ எடுத்த பிள்ளைக்குத்தான் சந்தியில் பதாகை. இரண்டாம் தரம் எழுதித் தவறின பிள்ளை அந்தப் பதாகைக்குக் கீழாலதான் கடைக்குப் போகவேணும்.

அந்த நேர்மையை ஊருக்குக் கொண்டு வருவோம் என்றுதான் எங்களுக்குள் ஒரு கூட்டம் வைத்தோம். அவரவர் வருடக் கணக்கை, விழுந்ததையும் சேர்த்து எழுதுவது என்று தீர்மானம். எழுதும்போதுதான் ஒருவர் சொன்னார்: "சித்திரையில கருப்பநீர் வாங்கப் போனமே, அந்த ஐயாவிட்ட எவ்வளவு ஏறுறவர் எண்டு கேட்டது ஞாபகமிருக்கோ?"

ஞாபகம் இருந்தது. அந்தக் காலையில் மூன்று பேர் போனோம். அவர் மரத்தில் நின்றார். காலில் தளைநார், இடுப்பில் சீவல் கத்தி, முட்டி. வேறொன்றும் இல்லை. எங்களில் ஒருவர், வயது 19, வீட்டில் கேட்டுப் பழகினபடி அவரைப் பெயர் சொல்லி, 'நீ' என்று கூப்பிட்டார். மரத்திலிருந்து பதில் வந்தது: "ஓம் தம்பி, இறங்கிறன், கொஞ்சம் நில்லுங்கோ." அவருக்கு 60 வயதுக்குக் கிட்ட. 19 வயதுக்காரருக்கு 'நில்லுங்கோ', 60 வயதுக்காரருக்கு 'நீ'. சாதி இப்ப எங்க இருக்கு எண்டு கேக்கிறவைக்கு இதுக்கு மேல விளக்கம் தேவையில்லை. இலக்கணப் புத்தகத்தில் முன்னிலைப் பெயர்களைப் பார்த்தால் காணும்.

இறங்கி வந்ததும் கேட்டோம்:

"ஒரு நாளைக்கு எத்தினை மரம் ஏறுவியள் ஐயா?"

"இப்ப பத்து மரம். காலமையும் பின்னேரமும்."

"இவ்வளவு காலத்தில மொத்தம் எவ்வளவு ஏறியிருப்பியள்?"

"ஆர் தம்பி அதை எண்ணினது?"

சரி, நாங்கள் எண்ணுகிறோம். ஒரு பனையை 15 மீற்றர் என்று குறைத்தே வைப்போம். பத்து மரம், இரண்டு தரம்: ஒரு நாளில் 300 மீற்றர். அமெரிக்காவில் எல் கப்பிற்றான் என்று ஒரு பாறைச் சுவர் இருக்கிறது. உயரம் கிட்டத்தட்ட 900 மீற்றர். 2017 யூன் 3ஆம் திகதி அலெக்ஸ் ஹொனொல்ட் அதைக் கயிறில்லாமல் ஏறினார். நாலு மணித்தியாலத்துக்குக் கொஞ்சம் குறைவாக எடுத்தது. படம் எடுத்தார்கள், அது 2019இல் ஒஸ்கார் வாங்கியது. நாங்களும் லப்டொப்பைச் சுற்றியிருந்து கை வேர்க்க வேர்க்கப் பார்த்தோம். எங்கள் ஊர்க்காரர் அந்த உயரத்தை மூன்று நாளுக்கொருதரம் ஏறுகிறார். அவருக்கும் பாதுகாப்புக் கயிறு இல்லை. கள்ளுக் காலத்தை ஆறு மாதம் என்று வைத்தால் 54,000 மீற்றர். கடல் மட்டத்திலிருந்து எவரெஸ்டின் உச்சிக்கு ஆறு தரம். ஒரு வருடத்தில். கள்ளுக் காலம் முடிந்தால் பிறகு ஓலை வெட்டு. அதை நாங்கள் கணக்கில் சேர்க்கவே இல்லை.

உடனே ஒரு மறுப்பு வரும். எங்கள் கூட்டத்திலேயே வந்தது. "ஹொனொல்ட் விரும்பி ஏறுறார். அவர் வயித்துக்கு ஏறுறார். ரெண்டும் ஒண்டோ? பாறை ஏறுறது வேற திறமை."

ஒன்றில்லைதான். பாறையில் விரல் வைக்க இடம் தேடுவதும், பனையைக் கட்டிப்பிடித்துத் தளைநாரில் உன்னுவதும் வேறு வேறு வித்தை. ஹொனொல்ட் கயிறில்லாமல் ஏறமுதல் அதே பாதையைக் கயிறோடு ஒரு வருடத்துக்கு மேல் பழகினார். ஏலாது என்று தோன்றிய நாளில் இறங்கிவரவும் அவரால் முடிந்தது. பனையில் ஏறுபவருக்கு அந்தத் தெரிவு இல்லை. ஒரு நாள் சீவாமல் விட்டால் பாளை கெட்டுப்போகும். காய்ச்சல் என்றாலும் ஏறவேணும். இந்த வித்தியாசம் பெரிய வித்தியாசம். ஆனால் அதைச் சொல்லி அவருடைய ஏற்றத்தைச் சிறிதாக்க முடியாது. விருப்பத்துக்குச் செய்தால் சாதனை, கூலிக்குச் செய்தால் 'அது அவையின்ர தொழில்தானே' என்று பிரிக்கிற கோடு மலையில் இல்லை, மரத்தில் இல்லை. அதைப் போட்டது எங்கள் வாய்.

இமயமலையிலும் இந்தக் கோடு இருந்தது. கூலிக்கு ஏறுகிற நேபாளத்துத் தொழிலாளர்கள் முன்னே போய்க் கயிறு கட்டுவார்கள், சுமை தூக்குவார்கள்; பின்னே வருகிறவரின் பெயர் செய்தியில் வரும். 2014 ஏப்ரல் 18ஆம் திகதி கும்பு பனிச்சரிவில் அப்படியான 16 பேர் செத்தார்கள். ஷெர்ப்பாக்கள் அந்தப் பருவத்தில் ஏறமாட்டோம் என்று நின்றுவிட்டார்கள். தங்கள் உயிரின் விலை என்ன, காப்புறுதி எவ்வளவு என்று கேட்டார்கள். அதற்குப் பிறகு அந்தக் கேள்வியைக் கேட்காமல் எவரெஸ்டைப் பற்றிப் பேச முடியாமல் போனது. எங்கள் பனையைப் பற்றி அந்தக் கேள்வி எப்போது வரும்?

இனி எங்கள் ஊர்ப் பெருமைக்கு வருவோம். வல்வெட்டித்துறைப் பிள்ளைகளுக்குச் சாதனை என்றால் கடல். 1954இல் தொண்டைமானாறு நவரத்தினசாமி பாக்குநீரிணையை நீந்திக் கடந்தார். எங்கள் ஊர் ஆழிக்குமரன் ஆனந்தன் 1971இல் போகவும் வரவுமாக 51 மணித்தியாலம் நீந்தினார். 1984 ஓகஸ்ட்டில் ஆங்கிலக் கால்வாயை நீந்தும்போது உயிர் விட்டார். இங்கே கட்டிய கப்பல் அன்னபூரணி, இந்த ஊர் மாலுமிகளோடு அத்திலாந்திக்கைத் தாண்டி 1938 ஓகஸ்ட்டில் அமெரிக்காவின் குளொஸ்டர் துறைமுகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. இதெல்லாம் எங்களுக்குப் பாடமாய்த் தெரியும். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவோம்.

அன்னபூரணி போய்ச் சேர்ந்தபோது அதன் பெயர் அன்னபூரணி இல்லை. வாங்கின அமெரிக்கர் தன் மனைவியின் பெயரைச் சூட்டியிருந்தார். இந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம் எங்களுக்குக் கோபம் வரும். கட்டினது எங்கட மேத்திரியார், ஓட்டினது எங்கட தண்டையல், பெயர் மட்டும் வேறை ஆரோவின்ரையோ? நியாயமான கோபம். கூலிக்கு ஓட்டினார்கள் என்பதால் அவர்களின் கடல் கடப்பு சாதனை இல்லையென்று யாராவது சொன்னால் விடுவோமா? அடிபட வருவோம். அப்படியென்றால் எங்கள் வேலிக்கு அங்கால நிற்கிற பனைக்கு மட்டும் ஏன் வேறு அளவுகோல்? கடலோடியின் கூலி வேலை ஊரின் வீரம், பனையேறியின் கூலி வேலை ஊரின் இழிவு. இப்படிப் பிரித்து வைத்தது சாதி. எங்களுக்கு வேறு சொல் கிடைக்கவில்லை.

பழைய கதை என்று சொல்லித் தள்ள வேண்டாம். சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் வந்தது 1957இல். அதற்குப் பதினொரு வருடம் கழித்தும், 1968இல், மாவிட்டபுரம் கோயில் வாசலில் உள்ளே போக விடச்சொல்லிச் சனம் நிற்கவேண்டி இருந்தது. அந்தப் போராட்டங்களில் நின்றவர்களில் பனை ஏறுகிற குடும்பங்களும் உண்டு. பல கோயில்களின் கதவும் தேத்தண்ணிக் கடைகளின் கதவும் திறந்தன. 'நீ' மட்டும் இன்னும் அப்படியே கிடக்கிறது.

கள்ளு குடியைக் கெடுக்கிறது, அதைப்போய்த் தூக்கிப் பிடிப்பதா என்று இன்னொரு கேள்வியும் வரும். குடிக்கிறது யார்? நாங்களும் எங்கட சித்தப்பாமாரும்தான். குடிக்கிறவருக்கு மரியாதை, இறக்கித் தருகிறவருக்கு ஏச்சு. கருப்பநீரும் பனங்கட்டியும் மட்டும் 'எங்கள் பாரம்பரியம்' ஆகி, அழகான பெட்டியில் விமானம் ஏறி ரொறொன்ரோவுக்கும் போகும். அதை இறக்கினவரின் பெயர் பெட்டியில் இருக்காது.

பனையால விழுந்தவனை மாடேறி மிதிச்ச மாதிரி எண்டு எங்களிடம் ஒரு பழமொழி உண்டு. எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறோம், பரீட்சையில் குறைந்த புள்ளிக்கும், காதல் முறிவுக்கும். விழுந்தது யார் என்று ஒருதரமும் யோசிக்கவில்லை. யாரோ ஒரு மனிதர் உண்மையாகவே விழுந்ததில் பிறந்த பழமொழி அது.

சரி, என்ன செய்யவேணும்? விளையாட்டு விழாவில் மேடைக்குக் கூப்பிட்டுப் பொன்னாடை போர்த்திப் படம் எடுக்கச் சொல்லவில்லை. அந்த நாடகம் வேண்டாம். அவருக்கு எங்கள் கைதட்டல் தேவையில்லை. மரம் ஏறுகிறவர்கள் தொடர்ந்து ஏறத்தான் வேண்டும் என்றும் சொல்லவில்லை. அந்த ஐயா தன் மகனை மரத்தில் கை வைக்க விடவில்லை. மகள் இந்த வருடம் ஏ.எல். எழுதுகிறாள். அதுதான் சரி.

நாங்கள் கேட்பது மூன்று. ஒன்று, மரியாதை. ஒவ்வொரு வீட்டிலும், இன்றைக்கே, காசு செலவில்லாமல் தொடங்கலாம். இரண்டு, பாதுகாப்பு. நாங்கள் பேசிப் பார்த்த மூன்று பேரில் ஒருவரிடமும் பாதுகாப்புக் கயிறு இல்லை. செயற்கைச் சுவரில் எட்டு மீற்றர் ஏறுகிற மச்சானுக்கு இடுப்புப் பட்டி கட்டாயம். கேரளத்தில் தென்னை ஏறுகிறவர்களுக்கு 2011இலிருந்து தென்னை வாரியம் பயிற்சி கொடுக்கிறது, ஏறும் கருவி கொடுக்கிறது, விபத்துக் காப்புறுதியும் இருக்கிறது. அங்கே முடியுமென்றால் 1978இலிருந்து பனை அபிவிருத்திச் சபை வைத்திருக்கிற இந்த நாட்டிலும் ஒவ்வொரு ஏறுகிறவர் கையிலும் அது போய்ச் சேரவேண்டும். மூன்று, வெளிநாட்டில் இருக்கிற எங்கட ஆக்களிடம்: கோயில் கோபுரத்துக்கும் விளையாட்டுக் கழகத்துக்கும் அனுப்புகிற காசில் கொஞ்சம் இதற்கும் அனுப்புங்கோ. கயிறும் பட்டியும் எதை வாங்குவது என்று எங்களைவிட உங்களுக்கு நல்லாத் தெரியும்.

கூட்டம் முடிந்த அடுத்த நாள் அந்த ஐயாவின் வீட்டுக்குப் போனோம். மழைக்காலம், மரம் ஏறுகிற காலமில்லை. வேலி அடைத்துக்கொண்டு நின்றார். சித்திரையில் 'நீ' என்றவர்தான் முதலில் வாயைத் திறந்தார். "ஐயா, நீங்கள் இந்த வருசம் என்ன சாதிச்சனீங்கள்?" கேட்ட விதம் எங்களுக்கே கொஞ்சம் வெட்கமாய் இருந்தது. அவர் ஓலையை இழுத்துக் கட்டிக்கொண்டே சொன்னார்:

"விழேல்லைத் தம்பி. வேற என்ன?"

இரவு ரொறொன்ரோவுக்குத் திருத்தி எழுதினோம். "மச்சான், முதல் சொன்னது பிழை. இங்க ஏறுறவை இருக்கினம். அவைக்குக் கீழ நிண்டு கயிறு பிடிக்கத்தான் ஆள் இல்லை."