ஒருமுறை போய்வருவது இயாதத் ஆகாது

நோயாளியை நலம் விசாரிக்கச் செல்வதற்கு அரபி மொழியில் ‘இயாதத்’ என்று பெயர். மதரஸாவில் ஓதிய காலத்தில் இச்சொல்லின் வேரை ‘ஆத, யஊது’ என்று ராகம் போட்டு நாம் மனனம் செய்திருக்கிறோம். திரும்பி வருதல் என்பது அதன் பொருள். பிறரைக் காணச் செல்வதற்கு ‘ஜியாரத்’ என்ற சொல் இருக்க, பிணியாளர் விஷயத்தில் மட்டும் இத்தனிச் சொல் வழங்குவதன் நுட்பத்தை அறிஞர்கள் எடுத்துரைத்திருக்கிறார்கள்: அங்கே மீண்டும் மீண்டும் செல்லவேண்டும். இமாம் புகாரி அவர்கள் தமது ஸஹீஹில் இதற்கிட்ட தலைப்பில் கடமை என்ற சொல்லையே ஆண்டிருக்கிறார்கள். பெரும்பாலான அறிஞர்கள் ஸுன்னத் என்பார்கள். அந்த வாதத்துக்குள் நாம் இப்போது புகவில்லை. கடமையோ ஸுன்னத்தோ, நம் சமுதாயம் இன்று செய்துகொண்டிருப்பது இயாதத்தே அன்று என்பதுதான் நமது வழக்கு.

சான்று தேடித் தொலைதூரம் போகவேண்டியதில்லை. ஆவடியில் ஒரு வீடு. ஏழு வயதுப் பாலகனுக்கு இரத்தப் புற்றுநோய் என்று தெரியவந்த முதல் வாரத்தில் அவ்வீட்டு வாசலில் செருப்பு வைக்க இடமில்லை. ஆப்பிளும் ஹார்லிக்ஸுமாக வந்தார்கள். தும்மிக்கொண்டே வந்து பிள்ளையின் கன்னத்தைத் தடவியவர்களும் உண்டு. கண்ணேறு என்றார் ஒருவர். பெற்றோர் செய்த எந்தப் பிழையின் பலனோ என்று தாயின் காதுபடவே பெருமூச்செறிந்தார் மற்றொருவர். பருவம் எய்தாத பிள்ளையின் ஏட்டில் பாவமே எழுதப்படுவதில்லை என்று ஓதிவைத்திருக்கிற நம்மவர் பேச்சா இது! நாமும் சென்றோம். “ஸபர் செய்யம்மா” என்றோம். துஆச் செய்தோம், தேநீர் அருந்தினோம், எழுந்து வந்தோம். அந்தத் தேநீரையும் அந்தத் தாய்தான் போட்டுத் தந்தார் என்பது வீடு வந்து சேர்ந்த பிறகே நமக்கு உறைத்தது.

நான்காம் மாதம் தற்செயலாக அவ்வழியே போனபோது வாசலில் ஒரு ஜோடிச் செருப்புகூட இல்லை.

ஆனால் சிகிச்சையோ அப்போதுதான் தொடங்கியிருந்தது எனலாம். குழந்தைகளுக்கு மிகுதியாக வரும் இரத்தப் புற்றுநோய்க்கு 2 முதல் 3 ஆண்டுகள் வரை தொடர்ந்து மருந்து கொடுக்கவேண்டும். மருந்தின் கடுமையால் உடலின் காப்புச்சக்தி குன்றியிருக்கும் நாட்களில் நாம் கொண்டுபோகும் சாதாரணச் சளியும் ஆபத்தே. காய்ச்சல் கண்டால் நடுநிசியாயினும் மருத்துவமனைக்கு ஓடவேண்டும். ஆவடியிலிருந்து எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனைக்குப் போவதை எண்ணிப் பாருங்கள். விடியற்காலை மின்சார ரயிலில் சென்ட்ரல், அங்கிருந்து வேறு வண்டி. தோளில் வாந்தியெடுக்கும் பிள்ளை. ஒரு கையில் பரிசோதனைத் தாள்கள், மறு கையில் சோற்றுப் பாத்திரம். தந்தைக்கு அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒப்பந்த வேலை; போகாத நாளுக்குக் கூலியில்லை. ஆறாம் வகுப்புப் படித்த மூத்த மகள், கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ளப் பள்ளியிலிருந்து நின்றுவிட்டாள்.

சிகிச்சையைப் பாதியில் கைவிடுவதாலேயே ஏழை நாடுகளில் எத்தனையோ புற்றுநோய்ப் பிள்ளைகள் மடிகிறார்கள் என்று மருத்துவ உலகம் நெடுநாளாகச் சொல்லிவருகிறது. மருந்து இருக்கிறது, அரசு மருத்துவமனையில் அதற்குக் கட்டணமும் இல்லை. உடன்போக ஆளில்லை.

ஆளா இல்லை? நம் மீலாது விழாக்களில் நெஞ்சில் வில்லை குத்திய தொண்டர்கள் நாற்பது பேர் நாற்காலி போடுகிறார்கள், பிரியாணி பரிமாறுகிறார்கள், போக்குவரத்தைச் சீர்செய்கிறார்கள். அவர்களுள் நால்வரையேனும் இப்பிள்ளையின் வீட்டுக்கு அனுப்ப எந்த நிர்வாகி நினைத்தார்? “பைத்துல்மாலிலிருந்து பணம் கொடுத்துவிட்டோமே” என்கிறார்கள். கொடுத்தீர்கள், மறுக்கவில்லை. பணம் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு படியேறுமா? கைக்குழந்தைக்குச் சோறூட்டுமா?

கேரளத்தைப் பாருங்கள். 1993இல் கோழிக்கோட்டில் டாக்டர் எம்.ஆர்.ராஜகோபாலும் தோழர்களும் தொடங்கிய நோவு தணிப்புப் பணி, சில ஆண்டுகளில் முஸ்லிம்கள் பெரும்பான்மையினராக வாழும் மலப்புறம் மாவட்டத்தில் ஊர்மக்களின் இயக்கமாகவே வளர்ந்தது. வாரத்துக்கு 2 மணி நேரம் ஒதுக்கக்கூடியவர் எவராயினும் தொண்டராகலாம். 16 மணி நேரப் பாடம். பிறகு பயிற்சி பெற்றவர்களோடு நான்கு நாள் நேரில் பழகுதல். சாமானிய மக்கள் சிறுகச் சிறுகத் தந்த காசில் நடந்த வேலை இது. 2008இல் கேரள அரசு இதற்கென ஒரு கொள்கையையே வகுக்க நேர்ந்தது. அங்கே பெரும்பாலும் முதியோருக்கும் முற்றிய நோயினருக்கும் நடப்பது இது என்பார்கள். இருக்கட்டுமே, பிள்ளைகளுக்கு ஆகாது என்று எந்தக் கிதாபில் எழுதியிருக்கிறது?

அரசு கவனிக்கும் என்போரும் உளர். 2021இல் தமிழக அரசு தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கே வரும் நோவு தணிப்புச் சேவையும் உண்டு. நல்ல திட்டம். ஆனால் வருகிற செவிலியர் மூத்த மகளைப் பள்ளிக்கு அனுப்பி வைக்கமுடியுமா?

பெண்கள் எப்படி வெளியே வருவது என்று சிலர் முணுமுணுப்பது நம் காதில் விழுகிறது. மதீனாவின் பள்ளிவாசலிலேயே கூடாரம் அடித்துக் காயமுற்றோரைப் பேணிய ருஃபைதா அம்மையார் யார்? ரசூலுல்லாஹ் (ஸல்) அவர்கள் தடுத்தார்களா? இவ்விஷயத்தில் ஆண்களைவிடப் பெண்களே அதிகம் தேவை. சமையற்கட்டில் நுழைந்து உரிமையோடு பாத்திரம் துலக்க நம்மால் முடியாது.

தொண்டு செய்யப் போகிறவர் மருத்துவராகிவிடவும் வேண்டாம். அந்த லேகியம், இந்தத் தாயத்து, இன்ன ஊர் வைத்தியர் என்று வாய் திறந்தால் அவர் போகாமலிருப்பதே நலம். சளி பிடித்திருந்தால் வாசலோடு நின்றுகொள்ளட்டும். அந்த வீட்டுச் செய்தியை அடுத்த வீட்டில் அவிழ்க்கலாகாது. முன்கூட்டிச் சொல்லிவிட்டுப் போகட்டும். வருவதாகச் சொன்ன நாளில் வராமல் இருந்துவிடவேண்டாம். அந்தத் தாய் அதை நம்பித்தான் உலையை இறக்கியிருப்பார்.

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி ஜமாஅத்தாரிடம் நாம் கேட்பது பெரிதன்று. ஜும்ஆ முடிந்ததும் பள்ளியில் ஓர் ஏடு வையுங்கள். எந்த வீட்டில், எந்த நாளில், எத்தனை மணிக்கு, என்ன வேலைக்கு ஆள் வேண்டும் என்று அதில் எழுதுங்கள். அண்டை வீட்டார் எந்தச் சமயத்தவராயினும் அவர்கள் தேவையும் அதில் ஏறட்டும்.

ஆவடிப் பிள்ளைக்குச் செவ்வாய்தோறும் எழும்பூர். மாதத்தில் இரண்டு செவ்வாய்களை நாமும் நம் வீட்டாரும் ஏற்றிருக்கிறோம். அவர்கள் வீட்டைப் பார்த்துக்கொள்கிறார்கள். நாம் ரயிலில் உடன்போகிறோம். மற்றச் செவ்வாய்களுக்கு இதுவரை ஆள் கிடைக்கவில்லை.