தொட்டிலுக்கு யார் பொறுப்பு?

ஒரு கைக்குழந்தையைப் பகல் முழுதும் பார்த்துக்கொள்ள மாதம் எவ்வளவு ஆகும்? அரிசி விலை தெரியும், பெட்ரோல் விலை தெரியும், தங்கத்தின் விலை நாளுக்கு இருமுறை தெரியும். இந்த ஒரு விலையை மட்டும் எந்த ஆட்சியாளராவது சொல்லிக் கேட்டதுண்டா? பட்ஜெட் பேச்சில் படித்ததுண்டா? தேர்தல் மேடையில் ஒலித்ததுண்டா?

ஆனால் ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் பேரணாம்பட்டிலும் ஷூ கம்பெனிக்குப் போகும் பெண்ணைக் கேளுங்கள். பைசா சுத்தமாகச் சொல்வாள். அவள் சம்பளம் பத்தாயிரம் ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் பக்கத்து வீட்டு அம்மாவுக்கு மூவாயிரம். பால், பிஸ்கட், தூளிப் புடைவை என்று அங்கே கொடுத்தனுப்புவது தனி. கம்பெனியில் ஓவர்டைம் என்று ஒரு மணி நேரம் பிந்தினால் அதற்கும் முகம் பார்த்து ஏதாவது கொடுக்க வேண்டும். பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் யாரும் வைத்துக்கொள்ள மாட்டார்கள். அன்றைக்குச் சம்பளம் இல்லாத லீவு. கணக்குப் பார்த்தால் பாதிச் சம்பளம் பிள்ளையை விட்டுவிட்டு வந்ததற்கே போய்விடுகிறது. வேலைக்குப் போவதற்காக வேலையின் கூலியில் பாதியைக் கொடுப்பது வேறு எந்தத் தொழிலாளிக்காவது விதிக்கப்பட்டிருக்கிறதா?

சட்டம் தந்த ஆறு மாதம்

"பெண்களுக்குப் பிரசவ விடுப்பு தந்துவிட்டோமே, இன்னும் என்ன வேண்டும்?" என்று கேட்பவர்கள் உண்டு. உண்மைதான். 2017-ஆம் ஆண்டுத் திருத்தம் 12 வாரமாக இருந்த விடுப்பை 26 வாரமாக உயர்த்தியது. வரவேற்றோம். ஆனால் அந்த 26 வாரமும் முதல் இரண்டு குழந்தைகளுக்குத்தான். அதிலும் பிரசவத்துக்கு முன்பே 8 வாரம் எடுத்துக்கொண்டால், குழந்தைக்கு நான்கு மாதம் முடியும்போதே தாய் மீண்டும் மிஷின் முன்னால் உட்கார வேண்டும்.

அதற்குப் பிறகு? அங்கன்வாடி இருக்கிறதே என்பார்கள். நம் மக்கள் பால்வாடி என்று அழைக்கும் இந்த மையங்கள் 1975 அக்டோபர் 2-ஆம் நாள் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தின் பிள்ளைகள். தமிழ்நாட்டில் சுமார் 54 ஆயிரம் மையங்கள். சத்துமாவு கொடுக்கிறார்கள், எடை பார்க்கிறார்கள், தடுப்பூசிக்கு உதவுகிறார்கள், சோறும் முட்டையும் தருகிறார்கள். அந்தப் பணியாளர்களின் உழைப்பை நாம் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் இரண்டு வயது நிரம்பிய குழந்தைதான் அங்கே அன்றாடம் வந்து உட்கார முடியும். அதற்குக் கீழே உள்ள குழந்தைக்குச் சத்துமாவுப் பொட்டலம் உண்டு, படுக்க இடம் இல்லை!

ஆக, விடுப்பு முடியும் நாளுக்கும் இரண்டு வயதுக்கும் நடுவே ஏறக்குறைய ஒன்றரை ஆண்டு. இந்தக் காலத்தில் அந்தக் குழந்தை எங்கே இருக்க வேண்டும் என்று அரசாங்கம் நினைக்கிறது? காற்றிலா?

இரண்டு வயதுக்குப் பிறகாவது விடிவு உண்டா என்றால் அதுவும் இல்லை. பால்வாடி பிற்பகலில் கதவைச் சாத்திவிடும். கம்பெனியில் சங்கு ஊதும்போது பொழுது சாய்ந்திருக்கும். நடுவில் உள்ள அந்த இரண்டு மணி நேரம் யாருடைய பொறுப்பு? குழந்தையை அழைத்து வருவதற்கென்றே ஓர் ஆள் வேண்டும். ஆள் இருந்தால் அவள் ஏன் தவிக்கப் போகிறாள்?

தொழிற்சாலைச் சட்டத்தின் கதை

1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் 30 பெண்களுக்கு மேல் வேலை செய்யும் ஆலையில் ஆறு வயதுக்குக் கீழ்ப்பட்ட அவர்களின் குழந்தைகளுக்குக் காப்பகம் வேண்டும் என்றது. அதன் விளைவு என்ன தெரியுமா? 30-ஐத் தாண்டாமல் பெண்களின் எண்ணிக்கையை நிறுத்திக்கொள்ளும் தந்திரத்துக்கு அது வழிவிட்டது. 2017 திருத்தம் ஆண், பெண் பேதமில்லாமல் 50 பேர் வேலை செய்யும் நிறுவனம் அனைத்திலும் காப்பகம் வேண்டும், தாய் நாளொன்றுக்கு நான்கு முறை சென்று குழந்தையைப் பார்க்கலாம் என்றது. நல்ல முன்னேற்றம்.

இப்போது 2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் தொகுப்புச் சட்டங்கள் நடைமுறைக்கு வந்துவிட்டன. 1948-ஆம் ஆண்டுச் சட்டம் விடைபெற்றுவிட்டது. அதோடு 30 பெண்கள் என்ற கணக்கும் போய்விட்டது. 50 பேர் என்ற கணக்கே மிஞ்சியிருக்கிறது. பெரிய கம்பெனிக்கு இதனால் மாற்றம் இல்லை. ஆனால் 40 பெண்களும் 5 ஆண்களும் வேலை செய்யும் சிறு பட்டறையை எண்ணிப் பாருங்கள். நேற்றுவரை அங்கே காப்பகம் கேட்க உரிமை இருந்தது. இன்று இல்லை. தோல் பதனிடும் ஊர்களில் பெரிய கம்பெனிக்கு அப்பர் தைத்துக் கொடுக்கும் சிறு பட்டறைகளில் வேலை செய்யும் தாய்மார்கள் இந்த ஓட்டையில்தான் விழுகிறார்கள். சீர்திருத்தம் என்று பெயர் சூட்டி இருந்த உரிமையையும் பிடுங்கினால் அதற்கு என்ன பெயர்?

சட்டம் இருந்தால் மட்டும் போதுமா என்பது அடுத்த கேள்வி. காப்பகம் என்று பலகை மாட்டிய அறை பூட்டிக் கிடந்தால் அது காப்பகம் அல்ல. ஆய்வுக்கு அதிகாரி வரும் நாளில் மட்டும் தொட்டில் கட்டினால் அது கண்துடைப்பு. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது!

பீடித் தட்டுக்குப் பக்கத்தில்

வடக்கே ஷூ கம்பெனிப் பெண்களின் நிலை இது என்றால், தெற்கே மேலப்பாளையத்துப் பீடிப் பெண்களின் நிலை இன்னும் பரிதாபம். அவர்கள் வேலைக்காக வாசலைத் தாண்டுவதில்லை. எனவே குழந்தைப் பராமரிப்பு அவர்களுக்குப் பிரச்சினையே இல்லை என்று வெளியாட்கள் நினைக்கிறார்கள். இதைவிடப் பெரிய அறியாமை இல்லை.

ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி. கை ஓடினால்தான் காசு. மடியில் தட்டு, தட்டில் புகையிலைத் தூள், பக்கத்தில் தவழும் குழந்தை. அது அழுதால் கை நிற்கும். கை நின்றால் கூலி குறையும். அந்தத் தூளைத்தான் அந்தப் பிஞ்சும் மூச்சோடு இழுக்கிறது. பீடித் தொழிலாளர்களுக்கென்று 1966-ஆம் ஆண்டிலேயே வந்த சட்டத்திலும் காப்பகம் பேசப்பட்டது. ஆனால் அது தொழில் நடக்கும் கட்டடத்துக்கு மட்டும்! வீட்டுத் திண்ணையில் சுற்றுபவளுக்கு ஒரு நாளும் அது எட்டவில்லை. பீடிக்கு வரி போட்டு அதில் தொழிலாளர் நலம் பார்த்துவந்த நிதிச் சட்டம் 1976-இல் வந்தது. 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தபோது அந்தத் தனி வரியும் ஒழிந்தது.

2006-இல் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்ட சச்சார் குழு அறிக்கை, வேலை செய்யும் முஸ்லிம் பெண்களில் பெரும்பகுதியினர் வீட்டிலிருந்தபடியே செய்யும் வேலையில்தான் முடங்கியிருக்கிறார்கள் என்று சுட்டிக்காட்டியது. ஏன் முடங்கினார்கள்? குழந்தையை விட்டுவிட்டுப் போக இடம் இல்லாததும் அதற்கு ஒரு காரணம் இல்லையா?

உண்மையான விலையைக் கொடுப்பவள்

அந்த வீட்டில் பத்து, பன்னிரண்டு வயதில் ஒரு மூத்த பெண் பிள்ளை இருப்பாள். "ராத்தா, தம்பியைத் தூக்கு" என்றால் தூக்கிக்கொள்வாள். முதலில் வாரத்துக்கு ஒரு நாள் பள்ளிக்கூடத்துக்கு லீவு. பிறகு இரண்டு நாள். பிறகு ஆண்டுத் தேர்வு. பிறகு பேர் நீக்கம். 2010 ஏப்ரல் 1 முதல் 6 வயது முதல் 14 வரை கட்டாய இலவசக் கல்வி நாட்டின் சட்டம். ஆனால் அதே சட்டம் 3 வயது முதல் 6 வரை உள்ள குழந்தைகளுக்கு ஏற்பாடு செய்'யலாம்' என்று மட்டும் சொல்லி நழுவிவிட்டது. 3 வயதுக்குக் கீழே வாயே திறக்கவில்லை. சின்னதைப் பார்க்க ஏற்பாடு இல்லையென்றால் பெரியது எப்படிப் படிக்கும்?

வேலையை விட்டுவிடும் தாயின் இழப்பு வேறு வகை. நிரந்தரத் தொழிலாளிக்குப் பணிக்கொடை கிடைக்க 5 ஆண்டு இடைவிடாத பணி வேண்டும். நான்காம் ஆண்டில் பிள்ளைக்காக நின்றவளுக்கு ஒன்றும் இல்லை. பி.எஃப். பணத்தை எடுத்துச் செலவழித்துவிட்டால் ஓய்வூதியத்துக்கு வேண்டிய 10 ஆண்டுக் கணக்கும் முதலிலிருந்து தொடங்கும். இன்றைய காப்பகம் இல்லாத குறை முப்பது ஆண்டு கழித்து முதுமையில் வறுமையாக வந்து நிற்கிறது.

"வீட்டில் இருந்தால் என்ன?"

நம்மிடையே சிலர் கேட்கிறார்கள்: "பிள்ளையை வளர்ப்பது தாயின் கடமை. அவள் ஏன் வேலைக்குப் போக வேண்டும்?" இதைக் கேட்பவர்கள் ஒன்றை யோசிக்கட்டும். மாதக் கடைசியில் அந்த வீட்டு அரிசிப் பானையை இவர்கள் போய் நிரப்புவார்களா? கணவனை இழந்தவளுக்கும் கைவிடப்பட்டவளுக்கும் இவர்கள் சொல்லும் வழி என்ன? பிள்ளையின் செலவு தந்தையின் பொறுப்பு என்பது மார்க்கம் பேசுவோர் எல்லாருக்கும் தெரியும். அந்தத் தந்தையின் கூலி போதவில்லை என்பதால்தான் அவள் போகிறாள். வேடிக்கை பார்க்கவா போகிறாள்?

2019-இல் மத்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், வீட்டில் உள்ளோரைக் கூலியின்றிப் பராமரிப்பவர்களில் பெண்கள் நாளுக்கு 134 நிமிடமும் ஆண்கள் 76 நிமிடமும் செலவிடுவதாகத் தெரிந்தது. தொட்டிலை ஆட்ட ஆணின் கைக்கும் வலு உண்டு, சகோதரர்களே!

யானைப் பசிக்குச் சோளப்பொறி

உழைக்கும் தாய்மார்களுக்காக மத்திய அரசு 2006-இல் ராஜீவ் காந்தி பெயரில் காப்பகத் திட்டம் தொடங்கியது. 6 மாதம் முதல் 6 வயது வரை, நாளுக்கு ஏழரை மணி நேரம், ஒரு மையத்துக்கு 25 குழந்தைகள். நாடு முழுதும் 20 ஆயிரத்தைத் தாண்டியிருந்த இந்த மையங்கள், நிதிப் பங்கீட்டை மாற்றியதில் 2020 வாக்கில் ஏழாயிரத்துக்கும் கீழே சுருங்கின. பிறகு 2022-இல் 'பால்னா' என்று பெயர் மாறியது. அங்கன்வாடியோடு சேர்ந்த 17 ஆயிரம் காப்பகங்கள் என்று இலக்கு வைத்தார்கள். நாட்டில் உள்ள அங்கன்வாடிகளோ ஏறக்குறைய 14 லட்சம். ஏறக்குறைய எண்பது மையத்துக்கு ஒரு காப்பகம்! இதற்குத்தான் இத்தனை விளம்பரமா?

அரசியல் சட்டத்தின் 45-ஆவது பிரிவு ஆறு வயது வரை எல்லாக் குழந்தைகளுக்கும் பராமரிப்பும் கல்வியும் தர அரசு முயல வேண்டும் என்கிறது. முயற்சி இதுதானென்றால் முயலாமை எப்படி இருக்கும்?

நாம் கேட்பவை

1. நெசவு, தோல், பீடி, ஆயத்த ஆடைத் தொழில் நடக்கும் ஊர்களில் அங்கன்வாடிகளை, ஆறு மாதக் குழந்தை முதல் ஏற்கும் காப்பகங்களாக மாற்ற வேண்டும். ஆலை விடும் நேரம் வரை அவை திறந்திருக்க வேண்டும்.

2. 50 பேர் என்ற வரம்பை 30 ஆகக் குறைக்க வேண்டும். சிறு பட்டறைகள் பல சேர்ந்து பொதுக் காப்பகம் நடத்தப் புதிய சட்டத்திலேயே இடம் இருக்கிறது. "செலவு தாங்காது" என்ற முதலாளிகளின் சாக்கு இனி எடுபடாது.

3. வீட்டிலிருந்து பீடி சுற்றுபவளும் தொழிலாளிதான். அவள் தெருவிலேயே அவள் பிள்ளைக்குக் காப்பகம் வேண்டும். செலவைக் கம்பெனியிடம் வசூலிக்க வேண்டும்.

4. அங்கே பணிபுரியும் பெண்களுக்கு முறையான ஊதியம் வேண்டும். அங்கன்வாடிப் பணியாளருக்கு மத்திய அரசு 2018-இல் உயர்த்தி அறிவித்த மதிப்பூதியமே 4,500 ரூபாய்தான். ஒரு ஏழைத் தாயின் சுமையை இன்னொரு ஏழைப் பெண்ணின் தலையில் ஏற்றுவதை நாம் ஏற்க மாட்டோம்.

நம் கையில் உள்ளது

கோரிக்கை வைத்துவிட்டுக் காத்திருப்பது நம் வழி அல்ல. 2006 டிசம்பர் 13-ஆம் நாள் உச்ச நீதிமன்றம் ஓர் உத்தரவு போட்டது. அங்கன்வாடி இல்லாத கிராமக் குடியிருப்பிலோ குடிசைப் பகுதியிலோ ஆறு வயதுக்குக் கீழே 40 குழந்தைகள் இருந்து மக்கள் கேட்டால், மூன்று மாதத்துக்குள் மையம் திறந்தாக வேண்டும். கேட்பதற்கு ஆள் வேண்டும், அவ்வளவுதான்.

ஒவ்வொரு மஹல்லாவிலும் நான்கு இளைஞர்களும் நான்கு பெண்களும் நோட்டுப் புத்தகத்தோடு தெருத்தெருவாக இறங்கட்டும். எந்த வீட்டில் எத்தனை குழந்தை, என்ன வயது, தாய்க்கு என்ன வேலை, பகலில் பார்ப்பது யார், அதற்கு எவ்வளவு கொடுக்கிறார்கள் என்று எழுதட்டும். முஸ்லிம் வீடு, இந்து வீடு, கிறிஸ்தவ வீடு என்ற பிரிவு வேண்டாம். தொட்டிலுக்கு மதம் இல்லை. அந்தப் பட்டியலோடு திங்கட்கிழமை கலெக்டர் அலுவலக மக்கள் குறைதீர்க்கும் நாளுக்குத் தாய்மார்களே நேரில் போகட்டும். மனு கொடுத்து ரசீது வாங்கட்டும். மூன்று மாதம் எண்ணட்டும். பதில் இல்லையென்றால் மறுபடியும் போகட்டும், இம்முறை பிள்ளைகளையும் தூக்கிக்கொண்டு!

இடம் இல்லை என்று அதிகாரிகள் சொன்னால் ஜமாஅத்துகள் முன்வரட்டும். திருமணத்துக்கு மட்டும் திறக்கும் ஷாதி மஹால்கள் மற்ற நாளெல்லாம் பூட்டிக் கிடக்கின்றன. அதில் ஓர் அறையைத் தரக் கூடாதா? இடம் நாம் தருவோம். ஆளும் சோறும் சம்பளமும் தருவது அரசின் கடமை. அந்தக் கடமையை மட்டும் தர்மமாக நாம் ஏற்றுக்கொள்ளக் கூடாது. இதில் ஏமாந்தால் அடுத்த தலைமுறைக்கும் இதே பாடுதான்.