வலிக்கு ஒரு சொல்

ஆங்கில நாவலாசிரியை ஹிலாரி மான்டெல் (1952–2022) என்றதும் இருமுறை அவர் பெற்ற புக்கர் பரிசே (2009, 2012) நம் நினைவுக்கு வரும். 2003இல் வெளியான 'கிவிங் அப் த கோஸ்ட்' என்னும் அவருடைய தன்வரலாற்றை நாம் அதிகம் பேசியதில்லை. பேசியிருக்க வேண்டும்.

மாணவப் பருவத்தில் தீராத வலியோடு மருத்துவர்களிடம் சென்ற அவருக்கு மனநோய்க்கான மருந்துகளே கிடைத்தன. பின்னர் போட்ஸ்வானாவில் வாழ்ந்தபோது, மருத்துவப் பாடநூலைப் படித்துத் தம் நோயைத் தாமே அறிந்துகொண்டார். அதுவே எண்டோமெட்ரியோசிஸ். 27ஆம் வயதில் அவருடைய கருப்பையும் சூலகங்களும் அகற்றப்பட்டன. அதன் பின்னரும் நோய் விடவில்லை.

கருப்பையின் உட்படலத்தை ஒத்த திசு, சூலகம், கருக்குழாய், குடல் முதலிய வேறிடங்களில் வளர்வதே இந்நோய். அழற்சியால் தழும்பு உண்டாகி உறுப்புகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். வலியோடு பலருக்கு மகப்பேறும் தடைப்படும். இனப்பெருக்க வயதுப் பெண்களில் ஏறத்தாழ 10 விழுக்காட்டினருக்கு, அதாவது சுமார் 19 கோடிப் பேருக்கு, இது உண்டு என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

மாதவிலக்குக் குருதி கருக்குழாய் வழியே பின்னோக்கிப் பாய்வதே காரணம் என்று 1927இல் ஜான் சாம்சன் கூறினார். ஆனால் அப்பாய்ச்சல் பெரும்பாலான பெண்களுக்கு நிகழ்வது. நோய் சிலருக்கே வருகிறது. ஏன் என்பதற்கு முழு விடை இன்றும் இல்லை. முற்றாகக் குணமாக்கும் மருந்தும் இல்லை. வலியைத் தணிக்க வழிகள் உண்டு. அறுவையின்றியே சிகிச்சையைத் தொடங்கலாம் என்று ஐரோப்பிய மருத்துவர்களின் 2022ஆம் ஆண்டு நெறிமுறை கூறுகிறது. எனினும் நோய் இன்னதென்று அறியவே பலருக்கு ஆண்டுகள் பல கழிகின்றன.

இத்தாமதத்திற்கு மருத்துவம் மட்டுமா காரணம்? தமிழ் கற்பிக்கும் நாம் நம் சொற்களையே பார்ப்போம். தீட்டு, தூரம், வீட்டுவிலக்கு: இவையெல்லாம் பெண் எங்கே இருக்க வேண்டும் என்று சொல்வன, அவளுக்கு எப்படி இருக்கிறது என்று சொல்வன அல்ல. 'சூதகவலி' என்பதில் வலி உண்டு; ஆனால் சூதகத்திற்கும் தீட்டு என்றொரு பொருள் உண்டு.

மாதந்தோறும் இரண்டு நாள் 'வயிற்றுவலி' என விடுப்புக் கடிதம் தரும் மாணவியை நாமும் ஐயத்தோடு பார்த்திருக்கிறோம். "எல்லோருக்கும் உள்ளதுதானே", "பிள்ளை பெற்றால் சரியாகிவிடும்" என்று வீட்டில் சொல்வதைக் கேட்டுப் பேசாமல் இருந்திருக்கிறோம். அன்றாட வாழ்வை முடக்கும் வலி இயல்பன்று. அடுத்த கடிதம் வரும்போது ஐயத்தை விடுத்து, மகளிர் மருத்துவரைப் பார்த்தாயா என்று கேட்போம். நம்மால் இயல்வது அதுவே. அதையும் இதுவரை செய்தோமில்லை.